தம்பிக்கு என்ன விலை?

அத்தியாயம் 11

வழக்குப் போட்டவனும் அதை எதிர்த்துப் பேசப் போகிறவளும் அன்று காலை ஒரே பானை இட்லியைத்தான் சாப்பிட்டார்கள்.

"சட்னி வோணுமாடா?" என்றாள் ரேணுகா.

"போதும்க்கா" என்றான் தீனா.

தீனா தட்டைத் தானே கழுவி வைத்தான். அவன் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

புதுப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் வெங்கடேசனுக்கு ரேணுகா மனைவி. தீனா அவள் தம்பி. அக்கா வீட்டு மாடியிலேயே தங்கியிருப்பவன். கடலோர டென்னிஸ் பந்து லீகில் வெங்கடேசனுக்கு ஓர் அணி உண்டு. அந்த அணிக்காகப் பந்தைப் பனைமரத்துக்கு மேலே அனுப்புகிறவன் தீனா. மூன்று பருவமாக மாமா கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடியவன், இந்த முறை ஐந்தரை லட்சம் வேண்டும் என்று கேட்டுவிட்டான். வெங்கடேசன் மூன்றில் நின்றான். இரண்டு பேரும் இறங்கவில்லை.

லீக் விதிப்படி விஷயம் மூவர் குழுவுக்குப் போனது. அந்தக் குழு நடுவில் ஒரு தொகையைச் சொல்லிச் சமாதானம் செய்யாது. வீரன் கேட்டதா, அணி சொன்னதா, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கும். பிறகு அன்று மாலை ஆறு மணிக்குள், அந்தத் தொகைக்கு ஆளை வைத்துக்கொள்கிறோம் அல்லது விட்டுவிடுகிறோம் என்று அணி சொல்லியாக வேண்டும்.

குழுவின் முன்னால் அணிக்காக யார் பேசுவது என்ற கேள்வி வந்தபோதுதான் வெங்கடேசன் பின்வாங்கினான்.

"என்னால ஆவாது ரேணு. அவன் ஓடமாட்டான், கேட்ச் வுடுவான்னு மூணு பேர் முன்னால சொல்லிட்டு, ராத்திரி அவனாண்ட குந்திகினு எப்படிச் சோறு துன்றது? மாமன் மச்சான் விவகாரம். ஊரே சிரிக்கும்."

"அப்ப நான் பேசறேன்" என்று ரேணுகா சொன்னது போன வாரம்.

கோபத்தில் சொன்னாள் என்றே வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். கோபம் இல்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. ஐஸ் கம்பெனியில் லோடு ஏறும்வரை காத்திருக்கும் நேரங்களில் அவள் போன பருவத்து ஆட்டங்களைப் போனில் பார்க்க ஆரம்பித்திருந்தாள். முதலில் தம்பி அடிப்பதைப் பார்க்கத்தான். நாலைந்து ஆட்டம் பார்த்தபின் ஏதோ ஒன்று கண்ணில் உறுத்தியது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். என்னவென்று பிடிபட்டதும் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட.

வெங்கடேசன் விடியும்போதே மினி லாரியை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போயிருந்தான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தீனா ஸ்கூட்டரை வெளியே தள்ளினான்.

"செங்கல்பட்டுக்குத்தானே போற? என்னையும் இட்டுகினு போ" என்றாள் ரேணுகா.

"என்க்கு எதிரா பேசறதுக்கு நானே உன்னிய ஏத்திகினு போவணுமா?"

"பஸ்ஸுல போனா லேட்டாவும். நான் வர்றதுக்குள்ள நீ ஜெயிச்சிட்டேன்னு எழுதிடுவாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குந்து" என்றான்.

திருக்கழுக்குன்றம் தாண்டினார்கள். வயல் நடுவே புதிதாக மனை பிரித்துக் கல் நட்டிருந்த இடத்தில் மாடுகள் குறுக்கே வந்தன. வண்டி நின்றது. அப்போதுதான் ரேணுகா கேட்டாள்.

"ஏண்டா அஞ்சரை? துட்டுக்கு இன்னா அவசரம் உனக்கு?"

"மாமல்லபுரம் டீமுல ஒருத்தன் வாங்கறான். என்னியவிட கம்மியாத்தான் அடிச்சிகீறான்."

"அது கணக்கு. நான் காரணம் கேக்கறேன்."

மாடுகள் போய்விட்டன. அவன் வண்டியைக் கிளப்பவில்லை.

"அக்கா, நான் உங்க வூட்டுல துன்றேன், தூங்கறேன். மாமா குடுக்கறத வாங்கிக்கறேன். நல்லா ஆடுனா மச்சான்னு கட்டிப் புடிச்சிக்கறாரு. சொதப்புனாலும் மச்சான்தானேன்னு வுட்டுடறாரு. நான் நெசமாவே நல்லா ஆடறேனா, இல்ல உன் தம்பின்றதுக்காக வெச்சிகினு கீறாரா? உறவுக்காரன் இல்லாத யாராவது ஒரு தபா சொல்லட்டும். அவ்ளோதான்."

ரேணுகா அவன் தோளைத் தட்டி வண்டியைக் கிளப்பச் சொன்னாள். தம்பி நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் அவளும் போகிறாள்.

குழு கூடியது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். கீழே யாருக்கோ வளைகாப்பு. பாட்டுச் சத்தம் படியேறி வந்தது. ஜன்னல் வழியாகக் கொளவாய் ஏரி தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பல வருடம் அம்பயராக நின்ற சாம். அணுபுரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி பாலசுப்ரமணியன். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த ஞானம்பாள்.

"அணி சார்பா உரிமையாளர் வரலையா?" என்றார் பாலசுப்ரமணியன்.

"நான் அவரு சம்சாரம் சார்."

"வீரருக்கு நீங்க...?"

"அக்கா."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாம் தண்ணீர் குடித்தார்.

ரேணுகா எழுந்து நின்றாள். கையில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"தீனா லீகுல எல்லாரையும்விட அதிகமா சிக்ஸர் அடிச்சிகீறான். அத இல்லன்னு நான் சொல்லல. ஆனா பாதி ஆட்டத்துல ரெண்டு ஓவர்கூட நிக்கல. அவன் அவுட்டானப்புறம் வர்றவங்கதான் தூக்கிகினு போனாங்க. பவுண்டரிகிட்ட நிக்க வெச்சா கேட்ச் வுடறான். கடைசி ஆட்டத்துல ரெண்டு வுட்டான், தோத்தோம்."

தீனா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம், ஓட மாட்டான் சார். பந்து பக்கத்துல போனா ஒத்த ரன்னு எடுக்கலாம். இவன் நின்னு பாப்பான். சின்ன புள்ளையிலேந்து அப்படித்தான். கடைக்கு அனுப்புனா, நான் திரும்பி வந்து பாக்கும்போதும் வாசல்லயே நின்னுகினு இருப்பான்."

சாம் சிரித்துவிட்டார். தீனாவின் காதுமடல் சிவந்தது. ரேணுகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வெங்கடேசன் ஏன் வரவில்லை என்பது அந்த நொடியில் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. இருந்தாலும் முடித்தாள்.

"மூணு லட்சம் நியாயமான தொகை. அவ்ளோதான் சார்."

பிடிபட்ட அந்த விஷயத்தை அவள் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. சொன்னால் அத்தோடு தம்பி தோற்றுவிடுவான் என்று நினைத்தாள். அதனாலேயே விழுங்கிவிட்டாள்.

ஞானம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு கேக்கணும்மா. ஒரு அணி மொத்தமா இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு லீகுல வரம்பு இருக்கு. இவருக்கு அஞ்சரை கொடுத்தா நீங்க யாரையாவது விட்டாகணுமே. யாரை?"

"அந்தக் கேள்வி விதியில இல்ல மேடம்" என்றார் பாலசுப்ரமணியன்.

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

ரேணுகா தயங்கினாள். "எங்க வூட்டுக்காரரு மனசுல மொதல்ல வெச்சிகீறது வரதனை."

தீனா சட்டென்று நிமிர்ந்தான். "வரதனையா?"

"இப்ப வீரர் பேசலாம்" என்றார் சாம்.

தீனா எழுந்தான். மாமல்லபுரத்து ஆட்டக்காரனோடு தன்னை ஒப்பிட்டுப் பேச அவன் நிறையத் தயார் செய்திருந்தான். முந்தின நாள் மாடியில் அவன் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தது கீழே ரேணுகாவுக்குக் கேட்டிருந்தது. இப்போது அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"அக்கா சொன்னதெல்லாம் கரெக்டு சார். ஒண்ணுதான் தப்பு. நான் ஓடுவேன். வரதன் கூப்ட்டா மட்டும் ஓடுவேன்."

"வரதன் யாரு?"

"என்கூட எதிர்ல நின்னு ஆடறவன். இந்த ஓவரு நல்லா போடறவன் வரான்னா, எப்படியாவது ஒரு ரன்னு எடுத்து அவன் முன்னால போய் நின்னுக்குவான். சுமாரா போடறவன் வந்தான்னா என்னிய முன்னால நிறுத்திடுவான். ரொம்ப நாளு அது தானா நடக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன். அவன் ஜுரம்னு ரெண்டு ஆட்டம் வரல. ரெண்டுலயும் நான் உடனே அவுட்டு. அப்பதான் தெரிஞ்சிது." நிறுத்தி அக்காவின் முகத்தைப் பார்த்தான். "அக்கா மூஞ்சப் பாத்தாலே தெரியுது, அவளுக்கும் இது தெரியும் சார். தெரிஞ்சிகினே சொல்லல."

ரேணுகா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க உங்க கேஸையே உடைக்கிறீங்க, தெரியுதா?" என்றார் பாலசுப்ரமணியன்.

"தெரியுது சார். நெசம் இன்னான்னு கேக்கத்தானே வந்தேன்?"

இருவரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். படிக்கட்டில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். வளைகாப்புக்கு வந்த ஒரு பெண் இருவர் கையிலும் கலந்த சாதத் தொன்னையைத் திணித்துவிட்டுப் போனாள். யாரென்று கேட்கவில்லை. தீனா சாப்பிட்டான். ரேணுகா கையிலேயே வைத்திருந்தாள்.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"வீடியோல பாத்தேன். நீ அடிக்கற அத்தினி சிக்ஸர்லயும் எதிர்ல ஒரே முகம்."

"ஏன் சொல்லல?"

"துன்னு முடி" என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். சாம்தான் படித்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வீரர் கேட்ட தொகையே எடுக்கப்பட்டிருந்தது. போன பருவத்தில் ஒருவன் என்ன அடித்தான், அதேபோல் அடித்தவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பதை மட்டும் பார்க்கத்தான் விதி சொல்கிறது. எதிர்முனையில் யார் நின்றார் என்பது விதியில் எங்கும் இல்லை.

"அந்த ஒரு ஓட்டு என்னோடது" என்றார் ஞானம்பாள், வெளியே வந்த தீனாவிடம். "நீங்க மூணுக்குத்தான்னு போட்டேன். ஆனா தம்பி, இன்னிக்கு நீங்க பேசின மாதிரி இங்க யாரும் பேசினதில்ல."

ஜெயித்தவன் போலவே இல்லை தீனா. வண்டியைச் சாவி போடாமலே உதைத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் அவனே பேசினான். "என்னிய வுட்டுடுக்கா. வரதனை வெச்சிக்கோ."

"நீ இல்லன்னா வரதன் யாருக்கு ஓடுவான்? அவன் முன்னால தள்ளிவிட ஒரு ஆளு வோணுமில்ல?"

"அப்ப இன்னாதான் பண்ணலாம்ன்ற?"

"அதான் யோசிச்சிகினு கீறேன். வண்டிய ஓட்டு."

ஐஸ் கம்பெனியில் வெங்கடேசன் காத்திருந்தான். லோடு ஏறும் இடத்தில் ஈரத் தரையில் நின்றபடியே தீர்ப்பைக் கேட்டான். தொகையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் அவன் சொன்னது வேறு.

"வெச்சிக்கலாம் ரேணு. மச்சானை வெளிய அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு கிரவுண்டுக்குப் போவேன்?"

"அவனுக்கு வோண்டியது அது இல்லீங்க" என்றாள் ரேணுகா. "மச்சான்றதுக்காக வெச்சிக்கறதுன்னா இப்பவே வுட்டுடலாம்."

வெங்கடேசன் விழித்தான். தீனா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் வீடியோவில் கண்டதையும் தீனா குழு முன்னால் சொன்னதையும் புருஷனுக்கு விளக்கினாள். வெங்கடேசனுக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் முதல் கேள்வி சரியாக வந்தது.

"அப்ப ரெண்டு பேரும் வோணும்ன்ற?"

"கீப்பரையும் ஒரு ஸ்பின்னரையும் வுட்டா வரம்புக்குள்ள வந்துடும். வரதனுக்கு நாம குடுக்கறது கம்மிதானே?"

"நாப்பதாயிரம்" என்றான் வெங்கடேசன். சொல்லும்போதே அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது போலிருக்கிறது, செருமிக்கொண்டான். "கேஸு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு அவனாண்ட சொல்லி வெச்சிகீறேன். அவன் வருசா வருசம் ஆடற ஆளு. ஒப்பந்தம் ஒண்ணும் கெடையாது."

"அவனை யாராவது கேட்டீங்களா? இருக்கறானா, இல்லையான்னு?" என்றாள் ரேணுகா.

அந்த இடத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

ஈசிஆர் திருப்பத்தில்தான் வரதனின் பஞ்சர் கடை. ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான். ஸ்கூட்டரிலிருந்து அக்காவும் தம்பியும் இறங்குவதைப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

"வா அண்ணி. இன்னா தீனா, ஜெயிச்சிட்டியாமே? வாட்ஸப்புல ஓடிகினு கீது."

"வரதா, இந்த வருசம் நீ எங்களுக்கு ஆடணும். அதக் கேக்கத்தான் நேர்ல வந்தேன்" என்றாள் ரேணுகா.

வரதன் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தான்.

"காலைல மாமல்லபுரத்துக் கேப்டன் வந்தான் அண்ணி. இதோ இந்த டயரு மேலதான் குந்திகினு இருந்தான். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திருப்பத்தில் வளைந்து போனது.

"எவ்ளோக்கு?" என்றாள் ரேணுகா.

"நாலு லட்சம்."

தீனா ரேணுகாவைத் திரும்பிப் பார்த்தான்.

கேட்கக்கூடாதுதான். ஆனால் ரேணுகாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இன்னா பாத்து எடுத்தாங்களாம்?"

"அவங்களும் வீடியோ பாத்தாங்களாம். தீனாவை எப்படி அவுட்டாக்கறதுன்னு கண்டுபுடிக்க உக்காந்தாங்களாம். பாத்தா, எதிர்ல நிக்கற என்னிய எடுத்துட்டா போதும்னு ஆய்டிச்சாம்." வரதன் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். அதில் வன்மம் இல்லை. கொஞ்சம் ஆச்சரியம்தான் இருந்தது.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியேடா" என்றான் தீனா.

"உன் ரேட்டு இன்னான்னு கேக்க செங்கல்பட்டு வரைக்கும் போன. என் ரேட்டு இன்னான்னு கடை வாசல்ல வந்து கேட்டியா?"

தீனா தரையில் கிடந்த ஒரு போல்ட்டைக் காலால் உருட்டினான்.

ரேணுகாவின் போன் அடித்தது. சாம்.

"ஆறு மணி ஆகப் போகுதும்மா. வெச்சிக்கிறீங்களா, விடறீங்களா?"

"ஒரு நிமிசம் சார்."

தீனா அவள் கையைப் பிடித்தான். "வுட்டுடுக்கா. இவன் இல்லாத என்னிய எவன் அஞ்சரைக்கு வாங்குவான்? எனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதே" என்றாள் ரேணுகா. "இவன் எதிர்ல நின்ன ஆட்டத்தைத்தான் நான் பாத்துகீறேன். ஒழுங்கா ஓடி, நல்லா போடறவன் முன்னால நீயே நின்னு ஆடி நான் பாக்கவே இல்லையேடா. நீயும்தான் பாக்கல."

"ஒருவேள ஆவலன்னா?"

"ஆவலன்னு தெரிஞ்சிக்கலாம்."

போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். "வெச்சிக்கிறோம் சார். ஆமா, அந்தத் தொகைக்குத்தான்."

வரதன் டியூபைச் சுரண்டிப் பசை தடவிக்கொண்டிருந்தான். "மொத ஆட்டம் மாமல்லபுரத்தோடதான் அண்ணி. எங்களோட" என்றான். 'எங்களோட' என்ற வார்த்தை அவனுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

தீனா அவன் எதிரில் குந்தினான். நாள் முழுக்க இல்லாத ஒரு பரபரப்பு அவன் முகத்தில் வந்திருந்தது.

"டேய், எனக்கு எந்தப் பந்துடா ஆவாது? உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"சொல்லுடா."

வரதன் பசை காயட்டும் என்று டியூபை ஊதினான். ஒட்டுத் துண்டை வைத்துக் கட்டை விரலால் அழுத்தினான். பிறகுதான் தீனாவைப் பார்த்தான்.

"நேத்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."